பொத்தானும் விளக்கும்

விளக்குக்கு இரண்டு தொழில்கள் உண்டு. இருளில் உள்ள பொருளைக் காட்டுவது ஒன்று. செய்தி சொல்வது மற்றொன்று. வீட்டுக் கூடத்தில் எரியும் விளக்கு முதல் தொழிலைச் செய்கிறது. கடற்கரையில் சுழலும் கலங்கரை விளக்கமும், ரயில் பாதையோரத்தில் நிற்கும் சிவப்பு, பச்சை விளக்குகளும் இரண்டாவது தொழிலைச் செய்கின்றன. கலங்கரை விளக்கத்தின் ஒளியில் எவரும் புத்தகம் படிப்பதில்லை. ஆயினும் அது சொல்லும் ஒரே வார்த்தையைக் கேட்டுக் கப்பல்கள் திசை மாறுகின்றன.

இந்த இரண்டாவது தொழிலை மிகச் சிறிய அளவில், ஒரு மரப் பெட்டிக்குள்ளே, நம் கையாலேயே செய்விக்கும் முறையைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம். பெட்டி என்று நாம் குறிப்பிடுவது, ஒரு காலத்தில் கடைகளிலும் பொருட்காட்சிகளிலும் காசு போட்டு ஆடிய வீடியோ கேம் பெட்டியை. அதை வீட்டிலேயே செய்து, அதன் பொத்தான்களில் நிறம் மாறும் எல்.இ.டி. விளக்குகளைப் பதித்து, கணினி நிரலால் அவற்றை ஏவல் கொள்ளும் பொழுதுபோக்குக்குப் பெங்களூர் மிகவும் ஏற்ற இடம். இது பிள்ளை விளையாட்டுத்தானே என்று நேயர்களில் சிலர் எண்ணக் கூடும். பிள்ளை விளையாட்டுத்தான், ஆயினும் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய விஷயங்களும் அதில் அடங்கியுள்ளன.

பெங்களூருக்கும் மின்சார விளக்குக்கும் உள்ள உறவு நூறாண்டுகளைக் கடந்தது. 1902-ஆம் ஆண்டில், காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே சென்று கோலார் தங்கச் சுரங்கங்களை அடைந்தது. அத்திட்டத்துக்கு அடிகோலிய மைசூர்த் திவான் சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் வந்தவர். சுரங்கத்தின் ஆழத்தில் இறங்கி உழைத்தவர்களிலும் தமிழர் மிகப் பலர். திவான் 1901-இல் காலமானார். தாம் விரும்பிய ஒளியைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1905-இல் அந்த மின்சாரமே பெங்களூர் வீதிகளில் விளக்காக எரிந்தது.

அந்த நகரில் 1954-இல் தோன்றியது பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம். அது செய்யும் ஒரு பெட்டியை நம்மில் வாக்குரிமை பெற்ற அனைவரும் அறிவோம். அதுதான் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். ஐதராபாத்தில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷன் நிறுவனமும் இதைச் செய்கிறது. 1982-இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் முதன்முதல் இது பயன்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடெங்கும் பயன்பட்டது. அலுவலர் தம் பக்கத்துப் பொத்தானை அழுத்தியதும் வாக்காளரின் பக்கத்தில் பச்சை விளக்கு ஒன்று எரிகிறது. ‘நீங்கள் வாக்களிக்கலாம்’ என்பது அதன் பொருள். வாக்காளர் தாம் விரும்பும் சின்னத்தின் அருகேயுள்ள நீலப் பொத்தானை அழுத்துகிறார். உடனே அந்தச் சின்னத்தின் அருகே சிவப்பு விளக்கு எரிகிறது. ஓர் ஓசையும் எழுகிறது. ‘உங்கள் விருப்பம் பதிவாயிற்று’ என்பது இதன் பொருள். எழுத்தறியாத கிழவியும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் இதை ஒரேபோல் புரிந்துகொள்கின்றனர். பொத்தானும் விளக்கும் சேர்ந்து பேசும் மொழிக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் நம் நாட்டில் இல்லை.

இனி, நம் ஊர்த் திருவிழாவுக்கு வருவோம். கோயில் கொடை, தேரோட்டம், கல்யாண வீடு ஆகிய எதுவாயினும் ‘சீரியல் செட்’ இல்லாமல் தமிழ்நாட்டில் ஒளி அலங்காரம் கிடையாது. ஓடும் விளக்கு, தோகை விரிக்கும் மயில், சுழலும் சக்கரம் முதலியவற்றை நாம் சிறு வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறோம். அவற்றை ஆட்டி வைத்த சாதனம் மேடைக்குப் பின்னால், ஒரு பலகையின் மேல் இருக்கும். சிறிய மோட்டார் ஒன்று ஓர் உருளையைச் சுழற்றும். உருளையின் மேல் செப்புத் தகடுகள் வெவ்வேறு நீளத்தில் ஒட்டப்பட்டிருக்கும். வரிசையாக நிற்கும் கம்பி முனைகள் அத்தகடுகளைத் தொட்டும் விட்டும் உரசும். தொடும் போது ஒரு சரம் எரியும். விடும் போது அணையும். தகட்டை வெட்டி ஒட்டிய விதமே மயிலின் ஆட்டத்தை நிர்ணயிக்கும். ஆட்டத்தை மாற்ற வேண்டுமானால் தகட்டை மாற்ற வேண்டும். வங்காளத்தில் சந்தன்நகர் என்னும் ஊர் இத்தகைய ஒளிக் கலைக்குப் பெயர் பெற்றது. அங்கும் உருளைகளே நெடுங்காலம் ஆட்சி செய்தன.

மைசூர் அரண்மனையின் ஒளியைக் கண்டவர் நேயர்களில் பலர் இருப்பர். ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகள் ஒரே கணத்தில் எரியும் அக்காட்சி கண்கொள்ளாதது. ஆயினும் அந்த ஒரு லட்சம் பல்புகளுக்கும் சேர்த்து இரண்டே வார்த்தைகள்தாம் தெரியும்: எரிவது, அணைவது. சீரியல் செட்டின் உருளைக்கு ஒரு பாட்டுத் தெரியும். இன்று நாம் பேசப் போகும் விளக்குக்கோ நாம் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் தெரியும். வேற்றுமை இதுதான்.

அந்த விளக்கின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். எல்.இ.டி. என்பது மின்சாரம் பாயும் போது ஒளியை உமிழும் ஒரு சிறு குறைகடத்தித் துணுக்கு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் துணுக்கை அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் 1962-இல் செய்து காட்டினார். பச்சை பின்னர் வந்தது. நீலம் மட்டும் முப்பதாண்டு காலம் விஞ்ஞானிகளுக்குப் பிடிகொடுக்கவில்லை. ஜப்பானில் அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரின் விடாமுயற்சியால் அதுவும் கைவந்தது; அதற்காக 2014-இல் அவர்கள் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கிடைத்த பின் மற்ற எந்த நிறத்தையும் கலந்து பெறலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் என வைத்துக்கொண்டால், மூன்றும் சேர்ந்து 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட கலவைகள் கிடைக்கும்.

வீட்டில் செய்யும் பெட்டிகளில் மிகுதியாகப் பயன்படும் விளக்கின் பெயர் டபிள்யூ.எஸ்.2812. மிளகைவிடச் சற்றே பெரிதான அந்த ஒரு சதுரத்துக்குள் மூன்று நிறத் துணுக்குகளும், அவற்றை ஆளும் ஒரு சிறு மூளையும் அடங்கியுள்ளன. இத்தகைய விளக்குகள் பல ஒரு நாடாவில் வரிசையாகக் கிடைக்கும். அந்த நாடாவுக்கு மூன்றே கம்பிகள்: மின்சாரம் வருவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று, செய்திக்கு ஒன்று.

ஒரே செய்திக் கம்பியில் நாற்பது விளக்குகள் இருந்தால் ஒவ்வொன்றும் தனக்குரிய செய்தியை எவ்வாறு அறியும்? இதற்குக் கண்ட உபாயம் மிக எளிது. திண்ணையில் நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தபால்காரர் நாற்பது கடிதங்களையும் ஒரே கட்டாக முதல்வரிடம் கொடுக்கிறார். அவர் மேலே உள்ள முதல் கடிதத்தை எடுத்துக்கொண்டு மீதிக் கட்டை அடுத்தவரிடம் தள்ளுகிறார். அடுத்தவரும் அவ்வாறே செய்கிறார். முகவரி எழுத வேண்டியதே இல்லை. உட்கார்ந்த இடமே முகவரி. கட்டு வருவது நின்று சிறிது இடைவெளி விழுந்ததும், எல்லோரும் தத்தம் கடிதத்தில் கண்டபடி நடக்கின்றனர். விளக்குகளும் இப்படியே செய்கின்றன. ஒரு விளக்குக்குரிய கடிதம் 24 எழுத்துகள் கொண்டது. ஒவ்வோர் எழுத்தும் ஒன்று அல்லது பூஜ்யம். விளக்கு ஒன்றுக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 30 பங்கு. நாற்பது விளக்குகளுக்கும் செய்தி சொல்லி முடிக்க ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் ஆகும். கண் இமைக்கும் நேரத்துக்குள் எல்லா விளக்குகளுக்கும் பல தடவை புதிய கட்டளை கொடுத்துவிடலாம்.

மொழிபெயர்ப்பையே ஜீவனோபாயமாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு வேடிக்கை தென்படுகிறது. நாம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் நிறத்தைச் சொல்லுகிறோம். இந்த விளக்கோ பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசையில் அதைக் கேட்கிறது. வரிசையை மாற்றிக் கொடுக்காவிட்டால், சிவப்பு வேண்டிய இடத்தில் பச்சை எரியும். ஆங்கில வாக்கியத்தின் சொற்களை அதே வரிசையில் தமிழில் வைத்தால் நேரும் கதியே இங்கும் நேர்கிறது. கணினிக்கும் விளக்குக்கும் நடுவே நிற்கும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை உண்மையில் ஒரு மொழிபெயர்ப்பாளனே. ஆர்டுவினோ, ராஸ்பெரி பை பிக்கோ முதலிய பெயர்களில் அது கிடைக்கிறது. அது கணினியிடமிருந்து ‘மூன்றாம் பொத்தான், நீலம்’ என்ற சொல்லை வாங்கி, விளக்குக்குப் புரியும் 24 எழுத்துகளாக மாற்றித் தருகிறது.

இனிப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அடாரி நிறுவனத்தின் ‘பாங்’ 1972-இல் வந்தது. ஜப்பானின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ 1978-இலும், ‘பாக்-மேன்’ 1980-இலும் வந்தன. இவை ஓடிய பழைய பெட்டிகள் பெரும்பாலும் பழுதாகி மறைந்துவிட்டன. அவற்றின் உள்ளமைப்பு அழியாமல் காக்கும் நோக்கத்துடன் இத்தாலியரான நிகோலா சல்மோரியா 1997-இல் ‘மேம்’ என்னும் மென்பொருளைத் தொடங்கினார். அது பழைய இயந்திரத்தைப் போலவே இன்றைய கணினியை நடிக்கச் செய்கிறது. நடிக்கச் செய்யும் மென்பொருள் இலவசம். ஆனால் ஆட்டங்கள் அவற்றின் உரிமையாளருக்குச் சொந்தம் என்பதை மறத்தல் ஆகாது. உரிமையாளர் அனுமதித்த சில ஆட்டங்களை மேம் அமைப்பினரே இலவசமாகத் தருகின்றனர். பல பழைய ஆட்டங்கள் விலைக்கும் கிடைக்கின்றன.

பெட்டி செய்யப் பெங்களூர் வசதியான ஊர். பிளைவுட் பலகையை அளவு சொல்லி அறுத்து வாங்கலாம். மின்னணுச் சாமான்களுக்கு எஸ்.பி. ரோடு இருக்கிறது. நகர மண்டபத்துக்கும் சந்தைக்கும் அருகே, ஒருவரோடொருவர் இடித்துக்கொண்டு நடக்க வேண்டிய அந்தக் குறுகலான வீதியில், பொத்தான், கம்பி, மின்மாற்றி, விளக்கு நாடா யாவும் கிடைக்கும். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி எதில் கேட்டாலும் அங்கே சாமான் கைக்கு வரும்.

எங்கள் குடியிருப்பில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து, கோடை விடுமுறையில், பிள்ளைகளுக்காக ஒரு பெட்டி செய்தோம். கன்னடர், தெலுங்கர், மலையாளி, தமிழர் என நான்கு மொழியினர். பலகை அறுத்து, துளையிட்டு, வர்ணம் பூசும் வரையில் வேலை சுமுகமாக நடந்தது. பொத்தான்களின் கீழே பெயர் எழுத வேண்டிய கட்டம் வந்ததும் தகராறு தோன்றியது. எந்த மொழியில் எழுதுவது? கன்னட நாட்டில் இருந்துகொண்டு கன்னடம் இல்லாமல் எழுதுவது முறையா என்றார் ஒருவர். தம் பிள்ளை பள்ளியில் படிக்காத தாய்மொழி எழுத்து, பெட்டியிலாவது கண்ணில் படட்டுமே என்றார் மற்றொருவர். ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் சண்டை தீரும் என்றார் மூன்றாமவர். நான்கு மொழிகளிலும் எழுத அந்தச் சிறிய பலகையில் இடம் இல்லை. வார்த்தை சிறிது தடித்தது என்றே சொல்ல வேண்டும். வேலை பத்து நாள் நின்றது. வெளி மாநிலத்தில் வாழும் தமிழருக்கு இத்தகைய பிணக்குகள் புதியன அல்ல. பெயர்ப் பலகை சிறிதாயினும் அதன் பின்னே நிற்கும் மனத்தாங்கல் சிறிதாக இருப்பதில்லை.

அதைத் தீர்த்து வைத்தவை விளக்குகளே. எந்தப் பொத்தானுக்கும் பெயர் எழுதாமல், பயன்படும் பொத்தானை மட்டும் எரியச் செய்வது என்று முடிவாயிற்று. இந்த வழி நம் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெட்டி செய்வோர் நெடுநாளாகக் கைக்கொள்வதே. இதற்கெனவே ‘எல்.இ.டி.பிளிங்கி’ என்னும் மென்பொருள் உண்டு. முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு விளக்குகளை ஆளும் ஆயத்தப் பலகைகளும் விற்பனையில் உள்ளன. கருத்து இதுதான். பெட்டியில் ஆளுக்கு ஆறு பொத்தான்கள். 1991-இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்ற ஆட்டத்துக்கு ஆறும் வேண்டும். ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்துக்குச் சுடுவதற்கு ஒன்றே போதும். ‘பாக்-மேன்’ ஆட்டத்துக்கோ ஒன்றுமே வேண்டாம். நான்கு திசையும் திரும்பும் கைப்பிடி மட்டும் போதும். ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதற்குரிய பொத்தான்கள் மட்டும் எரிந்து மற்றவை இருண்டு நின்றால், பிள்ளை கேள்வி கேட்காமலே கையை வைக்கும். காசுப் பொத்தானை அழுத்திய பின் தொடக்கப் பொத்தான் ஒளிர்ந்தால், அடுத்த படி எதுவென்று எழுத்து இல்லாமலே விளங்கும். வாக்குப்பதிவு இயந்திரம் செய்வதும் இதையேயன்றோ?

இதற்கு வேண்டியது ஓர் அட்டவணை. ஒரு பக்கம் ஆட்டத்தின் பெயர். மறுபக்கம் எரிய வேண்டிய பொத்தான்களும் அவற்றின் நிறமும். எங்கள் பிள்ளைகள் இருபது ஆட்டங்களுக்கு அட்டவணை எழுதினர். ஒவ்வோர் ஆட்டத்தையும் ஆடிப் பார்த்து, எந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று குறித்துக்கொண்டு, ஒரே தொழிலுக்கு எல்லா ஆட்டங்களிலும் ஒரே நிறம் என்று வகுத்தார்கள். சுடுவது சிவப்பு, தாவுவது நீலம், காப்பது மஞ்சள். ஒரு சொல்லுக்கு ஓரிடத்தில் ஒரு பொருளும் வேறிடத்தில் வேறு பொருளும் தரும் கலைச்சொல் தொகுதியால் எங்கள் அலுவலகங்களில் விளையும் குழப்பத்தை நாம் அறிவோம். பிள்ளைகள் அக்குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை.

விளக்குகளைப் பூட்டி நான்கு நாள் சென்றபின், ஒரு மாலை, பன்னிரண்டாம் விளக்குக்கு அப்பால் எதுவும் எரியவில்லை. நிரலைத் திருத்தித் திருத்தி இளைஞர்கள் களைத்தனர். அவ்வேளையில் எங்கள் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் அங்கு வந்தார். மகனோடு இருக்க மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர். இளமையில் ஒலி-ஒளி அமைக்கும் கடையில் வேலை பார்த்தவர். பெங்களூரில் அவருக்கு மொழி இல்லை. மாடிப்படியும் நாளிதழும்தாம் துணை. ஓடாத விளக்கைப் பார்த்ததும், “எது வரைக்கும் எரியுது?” என்று கேட்டார். பன்னிரண்டு என்றனர். “அப்ப பன்னிரண்டு, இல்லாட்டி பதிமூணு. வேற எங்கயும் தேடாதீங்க” என்றார். சோதித்ததில் பன்னிரண்டாம் விளக்கிலிருந்து வெளியேறும் செய்திக் கம்பியின் பற்றவைப்பு விட்டிருந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பழைய சீரியல் சரத்தில் ஒரு பல்பு செத்தால் சரம் முழுவதும் இருளும். ஏனெனில் மின்சாரமே ஒன்றின் வழியாக மற்றொன்றுக்குச் செல்கிறது. புதிய நாடாவில் மின்சாரம் எல்லாவற்றுக்கும் நேராகச் செல்கிறது. செய்திதான் ஒன்றின் வழியாக மற்றொன்றுக்குச் செல்கிறது. ஆகவே வழியில் ஒருவர் கட்டை வாங்கித் தள்ளாவிடில், அவருக்கு அப்பால் இருப்போர்க்குக் கடிதம் கிடையாது. பெரியவர் அறிந்தது அந்த விதியையே. அன்று முதல் அவர் பிள்ளைகளுக்கு உருளையும் செப்புத் தகடும் ஆட்டிய மயிலைப் பற்றிக் கூறலானார். தகட்டின் நீளமே விளக்கு எரியும் காலம் என்று அவர் காகிதத்தில் வரைந்து காட்ட, கன்னடச் சிறுவன் ஒருவன் அதையே எண்களாக்கி நிரலில் எழுதினான். தகடு வெட்டும் கத்திரியும் நிரல் எழுதும் விசைப்பலகையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்பது இருவருக்கும் புரிந்தது. அவர்களுக்குள் பொது மொழி ஒன்றும் இல்லை, காகிதம்தான் இருந்தது.

ஆனால் மயிலாட்டத்தைப் பெட்டியின் முகப்பில் ஓட விட்ட போது வேறொரு பிரச்சினை எழுந்தது. அடுத்த வீட்டுச் சிறுமி ஒருத்திக்கு வலிப்பு நோய் உண்டு. மின்னி மின்னி எரியும் ஒளி அவளுக்கு ஆகாது என்று மருத்துவர் கூறியிருந்ததால், அவள் தாய் அவளைக் கூடத்துப் பக்கமே அனுப்பவில்லை. இந்த அச்சத்தை வீண் என்று ஒதுக்குதல் தகாது. 1997 டிசம்பர் 16-ஆம் தேதி ஜப்பானில் ஒளிபரப்பான ‘போக்கிமான்’ கார்ட்டூன் தொடரில், சிவப்பும் நீலமும் விநாடிக்கு ஏறத்தாழ 12 தடவை மாறி மாறி மின்னிய ஒரு காட்சி வந்தது. அன்று மாலையே 600-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எந்த ஒரு விநாடியிலும் மூன்று தடவைக்கு மேல் ஒளி மின்னலாகாது என்பது இன்று கணினித் திரைகளை வடிவமைப்போர் ஏற்றுள்ள விதி. விளக்கு எவ்வளவு வேகமாகவும் மின்ன வல்லது என்பதாலேயே அவ்வாறு மின்ன விடுதல் நியாயமாகாது.

மின்னும் ஆட்டங்களை முற்றிலும் நீக்கிவிடுவது என்று பிள்ளைகளே தீர்மானித்தனர். ஒளி மெல்ல ஏறி மெல்ல இறங்கும், திடீரென்று வெட்டாது. திரையில் ஓடும் ஆட்டமே மின்னுவதாயின் விளக்கை அடக்கிப் பயன் இல்லை. ஆகவே மின்னாத ஆட்டங்கள் எவை என்று ஒரு தனிப் பட்டியலும் எழுதினர். அப்பட்டியலை மருத்துவரிடம் காட்டி அவர் சம்மதம் பெற்ற பிறகே அச்சிறுமி, அறை விளக்கு நன்றாக எரிய, திரையை விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து ஆடினாள். மயிலை இழந்ததில் பெரியவருக்குச் சிறிது வருத்தமே. “தோகை விரிக்கட்டும், சிலுப்ப வேண்டாம்” என்று கூறி, அதன் வேகத்தைக் கால் பங்காகக் குறைக்கச் சொன்னார்.

இத்தகைய பெட்டி செய்ய விரும்பும் நேயர்களுக்குச் சில குறிப்புகள் கூறுவோம்.

முதலாவது, மின்சாரக் கணக்கு. ஒரு விளக்கு முழு வெண்மையில் எரிய, 5 வோல்ட்டில் ஏறத்தாழ 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். நாற்பது விளக்குகளுக்கு 2.4 ஆம்பியர், அதாவது 12 வாட். கணினியின் சாதாரண யு.எஸ்.பி. துளை அரை ஆம்பியருக்காக அமைந்தது. அதிலிருந்து இதை எடுத்தல் கூடாது. 5 வோல்ட், 4 ஆம்பியர் தரும் தனி மின்வழங்கி ஒன்று, தர முத்திரை உடையதாகப் பார்த்து வாங்குக. 230 வோல்ட் வரும் பகுதி பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் மூடியிருத்தல் வேண்டும். அந்த வேலையைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே அறிவுடைமை. மெல்லிய கம்பி சூடேறும் ஆதலால் கம்பியில் சிக்கனம் வேண்டாம். நாடா நீளமானால் கடைக்கோடியில் மின்னழுத்தம் குறைந்து வெண்மை மங்கிச் சிவக்கும். மறுமுனையிலும் மின்சாரம் கொடுத்தால் சரியாகும்.

இரண்டாவது, செய்திக் கம்பி. கட்டுப்பாட்டுப் பலகையும் விளக்கு நாடாவும் வெவ்வேறு இடங்களிலிருந்து மின்சாரம் பெற்றாலும், இரண்டின் திரும்பும் கம்பிகளையும் ஒன்றாக இணைத்தல் வேண்டும். இணைக்காவிடில் விளக்குகள் பித்துப் பிடித்தாற்போல் எரியும். செய்திக் கம்பியின் தொடக்கத்தில் 300 முதல் 500 ஓம் வரையுள்ள மின்தடை ஒன்றும், மின்சாரம் நுழையும் இடத்தில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் வைப்பது வழக்கம். பிக்கோ போன்ற பலகைகள் 3.3 வோல்ட்டில் பேசும். 5 வோல்ட்டில் வாழும் விளக்கு 3.5 வோல்ட்டுக்குக் குறைந்ததைத் தெளிவாகக் கேட்கும் என்று உறுதி கூற முடியாது. இடையே குரலை உயர்த்தித் தரும் சிறு சில்லு ஒன்று வைத்தால் தொல்லை இல்லை.

மூன்றாவது, ஒளியின் அளவு. பாதி எண் கொடுத்தால் பாதி ஒளி தெரியும் என்று எண்ணுதல் இயல்பு. நம் கண் அவ்வாறு அளப்பதில்லை. மங்கிய ஒளியில் சிறு மாறுதலையும் உணர்ந்து, மிகுந்த ஒளியில் பெரு மாறுதலையும் பொருட்படுத்தாது விடும். ஆகவே படிகள் சீராகத் தெரிய, கீழ்ப்படிகளை நெருக்கமாகவும் மேற்படிகளை விலக்கமாகவும் அமைக்கும் திருத்தப் பட்டியல் ஒன்றை நிரலில் சேர்ப்பர். வீட்டுக்குள் கால் பங்கு ஒளியே தாராளம், மின்சாரமும் மிச்சம்.

நான்காவது, நிறத்தை மட்டும் நம்பாமை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்கள் உண்டு. ஆண்களிடம் அது அதிகம். எரிவது, எரியாதது என்ற வேற்றுமை எல்லோருக்கும் தெரியும். முக்கியமான செய்தியை அந்த வேற்றுமையால் சொல்லி, நிறத்தை அதற்குத் துணையாகக் கொள்வதே நன்று.

இவ்வளவும் செய்து முடிக்க ஒரு குடும்பத்துக்குச் சில வார விடுமுறை போதும். கடையில் முடிந்த பெட்டியாகவும் வாங்கலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் வாங்கிய பெட்டியில் விளக்குகள் முன்பே தீர்மானித்தபடி ஓடும். யாருக்கு எது ஆகாது, யாருக்கு எது புரியும் என்று அவை அறியா. செய்த பெட்டியில் அதை நாம் சொல்லி வைக்கலாம். எங்கள் பெட்டியில் இப்போது ஒரு மொழியிலும் எழுத்து இல்லை. பத்து நாள் பேசாதிருந்த இரு வீட்டாரின் பிள்ளைகள் மாலையில் அதன் முன்னே தோளோடு தோள் இடித்து நிற்கின்றனர். எரியும் பொத்தானை அழுத்துகின்றனர். இருண்ட பொத்தானை விட்டுவிடுகின்றனர். அங்கே அவர்கள் போடும் கூச்சலில் நான்கு மொழிகளும் இருக்கின்றன.